வெள்ளைப் பந்து நிற்கும் இடம்

பாறசாலை ரயில் நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு கடை அறை. இரண்டு இளைஞர்கள் சேர்ந்து அதில் பழைய பூல் மேஜை ஒன்றை வாங்கிப் போட்டார்கள். மணிக்கணக்கில் வாடகை. மாலையானால் பையன்கள் கூட்டம் வாசல் வரை நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஊர்க் கொத்தனார் ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் தெளிச்சமில்லை.

"சாரே, அந்தக் குச்சி விளையாட்டுக் கடைய மூடணும்னு பஞ்சாயத்துக்கு ஒரு மனு எழுதித் தரணும்" என்றார்.

பிளஸ் டூ படிக்கும் மகன், டியூஷனுக்குக் கொடுத்த 1,500 ரூபாயை அங்கே பந்தயம் வைத்துத் தோற்றுவிட்டானாம். ஓய்வு பெற்ற ரயில்வேக்காரன் என்றால் ஊரில் மனு எழுதும் வேலை தானாக வந்து சேரும். பேனாவை எடுத்தேன், எழுத ஓடவில்லை. காரணம், அந்த மனுவில் முதல் குற்றவாளியாக நானே நின்றிருக்க வேண்டும்.

டிப்ளமா முடித்து 1982இல் ரயில்வேயின் பாதைப் பிரிவில் சேர்ந்தவன் நான். அன்று பல ரயில்வே காலனிகளில் 'இன்ஸ்டிட்யூட்' என்று ஒரு மன்றம் உண்டு. நான் முதலில் வேலை பார்த்த ஊரில், அங்கே வெள்ளைக்காரர் காலத்து பில்லியர்ட்ஸ் மேஜை ஒன்றும் இருந்தது. 1984இல் ஒரு மாத டி.ஏ. பணம் முழுவதையும் அந்த மேஜையில் பந்தயமாக வைத்துத் தோற்றேன். வீட்டில் மூன்று வாரம் பேச்சில்லை. இன்றும் ரசத்தில் உப்புக் குறைந்தது என்று நான் சொன்னால், அந்த டி.ஏ. பணம் சமையலறையிலிருந்து எழுந்து வரும்!

எனவே கொத்தனாரிடம், "மனு இருக்கட்டும். முதலில் பையனை அனுப்புங்கள்" என்றேன். அவனுக்கு நான் சொன்னதையே இங்கு வாசகர்களுக்கும் எழுதுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகளும் இந்த மேஜைகளின் பக்கம் போகிறார்கள். என்னவென்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அந்நிய விளையாட்டா?

'வெள்ளைக்காரன் ஆட்டம் நமக்கெதற்கு?' என்பார் சிலர். பூலின் உடன்பிறப்பான ஸ்னூக்கர் பிறந்தது இந்தியாவில். 1875இல் ஜபல்பூர் ராணுவ அதிகாரிகள் மன்றத்தில் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி தொடங்கி வைத்ததாக வரலாறு. (பின்னாளில் இங்கிலாந்துப் பிரதமரான சேம்பர்லேன் வேறு.) அதன் விதிகள் ஒழுங்கு பெற்றது நம் நீலகிரியில், உதகமண்டலம் கிளப்பில், 1882இல்.

1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். 1984இல் ஓம் அகர்வால் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் சாம்பியன் ஆனார். பெங்களூரின் பங்கஜ் அத்வானி 25-க்கும் மேற்பட்ட உலகப் பட்டங்களை வென்றிருக்கிறார். சென்னையில் பிறந்த வித்யா பிள்ளை 2017இல் சிங்கப்பூரில் நடந்த உலக மகளிர் ஸ்னூக்கர் இறுதி ஆட்டத்தில் ஹாங்காங்கின் இங் ஆன்-யீயிடம் 5–6 என்ற கணக்கில், கடைசி ஆட்டம் வரை போராடித் தோற்றார்.

கெட்ட பெயருக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 'பூல்' என்ற சொல்லே ஆடுகிறவர்கள் பணயப் பணத்தை ஒன்றாகச் சேர்த்து வைப்பதிலிருந்து வந்தது. பணத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கணக்கும் கைப்பக்குவமும்தான்.

கேரம் ஆடியவருக்குப் பாதி தெரியும்

நம்மவர்களுக்குக் கேரம் புதிதல்ல. சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு 1988இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. சென்னையின் மரிய இருதயம் 1991, 1995 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலக சாம்பியன்; 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். எங்கள் எல்லைக் கிராமங்களின் வாசகசாலைகளிலும் போரிக் பவுடர் மணக்காத மாலை குறைவு.

கட், ரீபௌண்ட் ஆகிய கேரம் வித்தைகள் பூலிலும் உண்டு. ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. கேரத்தில் ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்து, கோட்டின்மேல் நமக்கு வசதியான இடத்தில் வைத்து அடிக்கலாம். பூலில் அந்தச் சலுகை கிடையாது. வெள்ளைப் பந்து எங்கே போய் நின்றதோ அங்கிருந்தே அடுத்த அடி. கேரம் நன்றாக ஆடுகிறவர்கள் பூலில் தடுமாறுவது இங்கேதான்.

கொத்தனார் மகனும் நல்ல கேரம் ஆட்டக்காரன். முதல் நாள் அவன் ஆட்டத்தைப் பார்த்தேன். எவ்வளவு கடினமான பந்தையும் குழியில் போட்டான். ஆனால் ஒவ்வொரு முறையும் வெள்ளைப் பந்து ஏதாவது ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. அடுத்த அடி இல்லை, எதிராளிக்கு விருந்து.

"மக்களே, நீ பந்து போடுறவன். ஆட்டம் ஆடுறவன் இல்லை" என்றேன். இது என் சொந்தச் சரக்கல்ல. நான் டி.ஏ. பணத்தைத் தோற்ற இரவு, இன்ஸ்டிட்யூட்டில் கணக்குப் பலகை பார்க்கும் மார்க்கர் என்னிடம் சொன்னது. வயதானவர், கியூவைத் தொட்டு நான் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து அவர்தான் எனக்கு வாத்தியார்.

முதலில் நிற்கக் கற்க வேண்டும்

அடிப்பதற்கு முன் நிற்பது. வலக்கைக்காரர் வலது பாதத்தை அடிக்கும் கோட்டின்மேல் வைத்து, இடது பாதத்தைச் சற்று முன்னால் இடப்பக்கம் வைக்க வேண்டும். தாடை கியூவுக்கு நெருங்கும் வரை குனிய வேண்டும். இருப்புப்பாதை நேராக இருக்கிறதா என்று பார்க்க, நாங்கள் சற்றுத் தள்ளிப் போய், தண்டவாளத்தின் மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் பார்ப்போம். நின்றபடி பார்த்தால் நேர்கோடாகத் தெரியும் பாதையின் நெளிவு, குனிந்தால் காட்டிக் கொடுத்துவிடும். பந்துக்கும் அதே விதி.

இடக்கை விரல்களால் கியூவுக்குத் தாங்கல். அது வெள்ளைப் பந்திலிருந்து சுமார் 20 முதல் 25 செ.மீ. தள்ளி இருக்கட்டும். வலக்கை கியூவை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. குருவியைப் பிடிப்பதுபோல் பிடித்தால் போதும். முழங்கைக்குக் கீழ்ப்பகுதி மட்டும் ஊசலாட வேண்டும். பழைய கைகாட்டி சிக்னலை நினைத்துக்கொள்ளுங்கள். கை ஏறி இறங்கும், கம்பம் அசையாது. கம்பம் அசைந்தால் சிக்னல் பொய் சொல்லும்.

காசில்லாப் பயிற்சி ஒன்று: கண்ணாடிப் புட்டி ஒன்றை மேஜையில் படுக்க வைத்து, அதன் வாயில் கியூவின் நுனியை விளிம்பில் படாமல் உள்ளே விட்டு வெளியே எடுக்கவும். 'டக்' என்று சத்தம் கேட்டால் கை கோணுகிறது என்று பொருள். முதல் நாள் அந்தக் கடை அறையில் கோயில் மணிபோல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

எங்கே குறி வைப்பது?

பூல் பந்தின் விட்டம் 57 மி.மீ. குழிக்குப் போக வேண்டிய பந்தில், குழிக்கு நேர் எதிர்ப்புறம் ஒரு புள்ளி இருக்கிறது. புதியவர்கள் அந்தப் புள்ளியையே குறி வைப்பார்கள், அது தவறு. வெள்ளைப் பந்துக்கும் கனம் உண்டு, பருமன் உண்டு. அந்தப் புள்ளியைத் தொட்டுக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பந்து உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவுக்கு வெள்ளைப் பந்தை அனுப்பினால் வேலை முடிந்தது.

கணக்குப் பிரியர்களுக்கு: பந்து நேராகப் போக வேண்டுமானால் முழுப்பந்து அடி. 15 பாகை திரும்ப வேண்டுமானால் முக்கால் பந்து. 30 பாகைக்கு அரைப்பந்து. சுமார் 49 பாகைக்குக் கால் பந்து. அரைப்பந்து அடியில் குறி வைப்பது எளிது: வெள்ளைப் பந்தின் நடு, எதிர்ப்பந்தின் ஓரத்துக்கு நேராக இருக்க வேண்டும். இதை முதலில் பழகிக்கொண்டால் மற்றவை பின்னால் வரும்.

வெள்ளைப் பந்தை எங்கே நிறுத்துவது?

இதுதான் ஆட்டத்தின் உயிர். நேரான அடியில், வெள்ளைப் பந்தின் நடுவுக்கு மேலே அடித்தால் அது எதிர்ப்பந்தின் பின்னாலேயே ஓடும். கீழே அடித்தால் நம்மிடம் திரும்பி வரும். இரண்டு பந்தும் அருகருகே இருக்கும்போது நடுவில் அடித்தால், மோதிய இடத்திலேயே நிற்கும். தூரம் அதிகமானால் துணியின் உராய்வில் பந்து உருளத் தொடங்கிவிடும். அப்போது நிறுத்துவதற்குச் சற்றுக் கீழே அடிக்க வேண்டும்.

கோணத்தில் அடிக்கும்போது இரண்டு விதிகள். வெள்ளைப் பந்து உருளாமல் வழுக்கிப் போய் மோதினால், இரு பந்துகளும் 90 பாகையில் பிரியும். உருண்டு போய், கால் பந்துக்கும் முக்கால் பந்துக்கும் இடையே மோதினால், வெள்ளைப் பந்து தன் பழைய வழியிலிருந்து ஏறக்குறைய 30 பாகை திரும்பும். சுட்டுவிரலையும் நடுவிரலையும் நன்றாக விரித்தால் வருவதும் ஏறத்தாழ அந்தக் கோணமே. ஒரு விரலை அடிக்கும் திசைக்கு நேராகப் பிடித்தால், மற்ற விரல் வெள்ளைப் பந்து போகும் வழியைக் காட்டும். பையன்களுக்கு மிகவும் பிடித்த பாடம் இது.

குஷனில் பந்து எந்தக் கோணத்தில் மோதுமோ அதே கோணத்தில் திரும்பும் என்பார்கள். மெதுவாக அடித்தால் ஏறக்குறைய சரி. ஓங்கி அடித்தால் ரப்பர் உள்வாங்கி, கோணம் குறுகிவிடும். கேரம் கை வேகத்தை இங்கே குறைத்துக்கொள்ள வேண்டும். பந்தின் பக்கவாட்டில் அடித்துச் சுழற்றும் வித்தையை முதல் ஆறு மாதம் தொடவே வேண்டாம். வெள்ளைப் பந்தே குறியிலிருந்து விலகிப் போகும்.

தினமும் 20 நிமிடம் போதும். ஒரே அடியைப் பத்து முறை அடித்து, எத்தனை முறை பந்து குழியில் விழுந்தது, எத்தனை முறை வெள்ளைப் பந்து நினைத்த இடத்தில் நின்றது என்று இரண்டையும் எழுதி வைக்க வேண்டும். பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரெய்ஸ் சிறுவனாக மாமாவின் பூல் கூடத்தில், உயரம் எட்டாததால் குளிர்பானப் பெட்டிகளின்மேல் ஏறி நின்று பழகியவர். 1999இல் உலக ஒன்பது பந்துப் பட்டத்தை வென்றார். அவருடைய புகழெல்லாம், எவ்வளவு மோசமான இடத்தில் வெள்ளைப் பந்து நின்றாலும் அங்கிருந்து ஒரு வழி கண்டுபிடிப்பதில்தான்.

ஒரு பலகையும் ஒரு நோட்டும்

பஞ்சாயத்துக்கு மனு எழுதவில்லை என்றேன் அல்லவா? அதற்குப் பதில் கடைக்காரப் பிள்ளைகளிடம் போய்ப் பேசினேன். பந்தயம் கூடாது, பள்ளிச் சீருடையில் வருகிறவர்களுக்கு மேஜை இல்லை என்று இரண்டு நிபந்தனைகள். ஒப்புக்கொண்டார்கள். மலையாளத்தில் அவர்கள் எழுதினார்கள். அதன் கீழே தமிழில் நான் எழுதினேன்.

கொத்தனார் மகன் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றான். "கீழே எழுதினதும் இதேதானா சாரே?" என்று கேட்டான். வீட்டில் தமிழ் பேசுகிற பையன். பள்ளியில் முதலிலிருந்தே மலையாளம். தமிழ் எழுத்து அவனுக்குத் தெரியாது. டி.ஏ. பணம் போன அன்றுகூட எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்ததில்லை.

பயிற்சி நோட்டைத் தமிழில்தான் எழுத வேண்டும் என்று புதிய நிபந்தனை ஒன்றைச் சேர்த்தேன். முதல் பக்கத்தில் 'வெள்ளை', 'குழி' என்று நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வரைந்தான். 'ழி' அவனை அரைப்பந்து அடியைவிட அதிகமாகப் படுத்தியது. முதல் வாரம் வெள்ளைப் பந்து பத்துக்கு இரண்டு முறைதான் சொன்னபடி நின்றது. நான்காவது மாதம் ஏழு. நோட்டில் இப்போது முழு வாக்கியங்கள் வருகின்றன. பிழைகளோடுதான், ஆனால் வருகின்றன.

அந்த 1,500 ரூபாயையும் அடைத்துவிட்டான். கல்யாண வீடுகளில் விளம்பப் போய்ச் சேர்த்த கூலி, மூன்று தவணை. கடைசித் தவணையை வாங்கிய அன்று மாலை கொத்தனார் கடை வாசலில் வந்து நின்று மகன் ஆடுவதைப் பார்த்தார். மகன் அன்று தோற்றான். "தோத்தாலும் அந்த வெள்ளைய நல்ல இடத்தில வச்சான், இல்லையா சாரே?" என்று அவர் கேட்டபோது, நான்கு மாதம் அவரும் பாடம் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது.

நம்மில் சிலர் வேலைக்காக இந்த மண்ணுக்கு வந்தவர்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரர்கள் எங்கும் போகவில்லை; 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு வரை அந்தப் பக்கம் போக, கோடு களியக்காவிளைக்கு இப்பால் வந்து நின்றுவிட்டது. ஸ்ட்ரைக்கரைப்போல் நம்மை எடுத்து வசதியான இடத்தில் வைக்க யாரும் வரப்போவதில்லை. நின்ற இடத்திலிருந்து ஆட வேண்டியதுதான். பிள்ளைகளுக்கு அடுத்த அடிக்கு வழி இருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. அதற்கு ஒரு தமிழ் நோட்டும் தினமும் 20 நிமிடமும் போதும்.