உயிர் மீண்டது, கால்களும் மீள வேண்டாமா?

வாயிலே குழாயுடன் செயற்கைச் சுவாசத்தில் கிடக்கும் ஒருவரை எழுப்பி உட்கார்த்தலாமா? ஸ்காபரோவில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் எம்மவரை இக்கேள்வி திடுக்கிட வைக்கக்கூடும். நோயாளி அசையாது கிடந்தால்தான் தேறுவார் என்பது நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த நம்பிக்கை. மருத்துவ உலகும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியது.

அவ்வெண்ணத்தை அசைத்த ஆய்வுகளுள் ஒன்று நாம் வாழும் இந்நகரிலேயே நடந்தது. ரொறொன்ரோ வைத்தியர் மார்கிரட் ஹெரிட்ஜும் குழுவினரும், கடுமையான சுவாசச் செயலிழப்பிலிருந்து தப்பிய 109 பேரை வீடு திரும்பிய பின்னரும் தொடர்ந்து கவனித்தனர். 2003 இல் வெளியான முடிவின்படி, ஓராண்டின் பின் நுரையீரல்கள் பெருமளவு தேறியிருந்தன. தசை நலிவும் களைப்பும் நீங்கவில்லை. ஏறத்தாழ அரைவாசிப்பேரே வேலைக்குத் திரும்பியிருந்தனர்.

நின்றபடி உழைக்கும் ஒருவரின் சம்பளத்தில் இங்கொரு வீடும் ஊரிலொரு வீடும் வாழும் எமது சமூகத்தில், இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இவ்வாறிருக்க, நோயாளியை விரைவில் எழுப்பத் தயக்கம் ஏன்? தாதியரின் சோம்பல் அன்று. குழாய் கழன்றுவிடுமோ என்ற அச்சம், ஆட்பற்றாக்குறை, மயக்க மருந்தைக் குறைக்க வேண்டிய தேவை, 'இது யாருடைய வேலை' என்ற தெளிவின்மை ஆகியன தடைகளாகின்றன. இன்னொன்றும் உண்டு. உயிரைக் காத்த அவர்கள், அதே மனிதர் ஆறு மாதத்தின் பின் படியேற முடியாது தவிப்பதைக் காண்பதில்லை.

ஆகவே அவர்களை ஊக்குவிக்க அறிவுரை மட்டும் போதாது. காலைச் சுற்றின்போதே ஒவ்வொரு நோயாளிக்கும் அன்றைய இலக்கை வைத்தியர், தாதி, இயன்மருத்துவர், சுவாச சிகிச்சையாளர் சேர்ந்து வகுத்தல். எந்நிலையில் எழுப்பலாம், எந்நிலையில் நிறுத்த வேண்டும் என முன்பே உடன்படுதல். குணமடைந்தவர் மீண்டும் நடந்து வந்து அவர்களைச் சந்தித்தல் என்பன உண்மையான ஊக்கம் தருவன.

பயனும் எல்லையும் அறியப்பட்டவையே. 2009 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 104 நோயாளரிடையே விரைவில் பயிற்சி பெற்றோருள் 59 விழுக்காட்டினர் வைத்தியசாலையை விட்டு நீங்கும்போது தம் அன்றாடக் கருமங்களைத் தாமே செய்தனர். மற்றோருள் 35 விழுக்காட்டினரே அவ்வாறு செய்தனர். ஆனால் 750 பேரைக் கொண்ட 2022 ஆம் ஆண்டின் பன்னாட்டு ஆய்வில், வழமையைவிட மிகுதியாக எழுப்பி இயக்கியதால் கூடுதல் நன்மை கிட்டவில்லை. பாதகமான விளைவுகளே கூடின. எனவே வேண்டுவது வற்புறுத்தல் அன்று. நாள்தோறும் நோயாளியின் நிலையறிந்து எடுக்கும் முடிவு.

இதில் எமக்கும் பங்குண்டு. 'படுக்கட்டும், விடுங்கள்' என்று தடுப்பதை விடுத்து, 'இன்று அவர் கட்டில் ஓரத்தில் அமரலாமா?' என்று பணிவுடன் கேட்போம். அவர் முன்பு எவ்வளவு தூரம் நடந்தார், என்ன தொழில் செய்தார் என்பதைத் தாதியருக்குக் கூறுவோம். ஆங்கிலம் அறியாத முதியவருக்கு 'காலை மெல்ல ஊன்றுங்கோ அப்பா' என்று தமிழில் சொல்ல, எம்மில் ஒருவர் அருகில் நிற்போம்.

குணமடைந்து வீடு வந்தபின் ஒருநாள் அப்பிரிவுக்குத் திரும்பிச் சென்று நன்றி கூறுவோம். எம்மவர் நடந்து வருவதைக் காணும் தாதி, அடுத்த கட்டிலில் கிடப்பவரை எழுப்பத் தயங்கமாட்டார்.