காங்கேசன்துறை, 1975: காலந்தாழ்ந்த ஒரு தீர்ப்பு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்று வளர்ந்துவரும் பிள்ளைகளுக்கு இடைத்தேர்தல் என்பது பெரும்பாலும் தமிழகத்துச் செய்திகளில் வரும் சங்கதியாகவே இருக்கிறது. நம் நாட்டிலும் ஒரு தொகுதியின் உறுப்பினர் காலமானாலோ ராஜினாமாச் செய்தாலோ அத்தொகுதி மக்களே மீண்டும் வாக்களித்துப் புதியவரைத் தெரிவுசெய்த வழக்கம் இருந்ததென்பதையும், அவ்வழக்கத்தைக் கொண்டே ஓர் அரசியல் யாப்பை மக்கள் முன் விசாரணைக்கு நிறுத்த ஒரு முதியவர் துணிந்தாரென்பதையும் அவர்கள் அறிந்துகொள்வது அவசியம்.

1972 மே 22ஆந் திகதி கொழும்பு நவரங்கஹல மண்டபத்தில் இலங்கை குடியரசாகப் பிரகடனஞ் செய்யப்பட்டபோது, அதுவரை நடைமுறையிலிருந்த சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக நின்ற 29ஆம் பிரிவு புதிய யாப்பில் இடம்பெறவில்லை. பௌத்தத்துக்கு முதன்மை ஸ்தானமும் சிங்களத்துக்கு அரசகரும மொழி அந்தஸ்தும் யாப்பிலேயே பொறிக்கப்பட்டன. அரசியல் நிர்ணய சபையிலிருந்து தமிழரசுக் கட்சி முந்திய ஆண்டிலேயே வெளியேறியிருந்தது. இவ்யாப்பைத் தமிழ் மக்கள் ஏற்கின்றனரா என்பதை வாக்குப்பெட்டியே சொல்லட்டும் என்று அரசாங்கத்துக்கு அறைகூவல் விடுத்து, அக்கட்சியின் ஸ்தாபகர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1972 ஒக்டோபர் 3ஆந் திகதி, காலிமுகத்திடலருகே கடலைப் பார்த்து நின்ற சபா மண்டபத்தில் தமது காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார்.

அப்போது அவருக்கு வயது 74. நடுக்குவாத நோயால் உடல் தளர்ந்து, குரல் தேய்ந்து, மேடையில் அருகே நிற்பவர்களும் செவிசாய்த்தே கேட்கவேண்டிய நிலை. கொட்டாஞ்சேனையை அடுத்த கடற்கரையில் அந்நாளில் இருந்த புனித தோமையார் கல்லூரியில் பயின்று, கொழும்பு நீதிமன்றங்களில் சிவில் வழக்கறிஞராகப் பெரும்பெயர் ஈட்டிய அவருக்குக் காங்கேசன்துறை சுலபமாகக் கைவந்த தொகுதியன்று. 1947இல் அவரைத் தெரிவுசெய்த அதே மக்கள், மலையகத் தமிழரின் பிரஜாவுரிமைக்காக அவர் தனிக்கட்சி கண்ட பின்னர், 1952இல் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனை அனுப்பி அவரைத் தோற்கடித்தனர். துறைமுகமும், சீமெந்துத் தொழிற்சாலையும், கொழும்புப் புகையிரதத்தின் கடைசித் தரிப்பிடமும் கொண்ட அக்கரையோர ஊரில் தோல்வி எப்படியிருக்குமென்று அறிந்தவராதலால்தான் அவருடைய ராஜினாமாவுக்கு மதிப்பு இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் தேர்தல் வரவில்லை. தெற்கில் எழுந்த 1971 இளைஞர் கிளர்ச்சியை அடக்கப் பிறப்பிக்கப்பட்ட அவசரகால நிலை அதன் பின்னரும் நீடித்தது. வடக்கின் பாதுகாப்பு நிலைமையைக் காரணங்காட்டி அரசாங்கம் வாக்கெடுப்பை ஒத்திப்போட்டது. இரண்டு ஆண்டு நான்கு மாதம் அத்தொகுதி பிரதிநிதியின்றிக் கிடந்தது. அந்த இடைவெளி வெறுமையான இடைவெளியன்று. பல்கலைக்கழக அனுமதியில் தமிழ்மொழி மாணவரிடம் கூடிய புள்ளி கோரிய தரப்படுத்தல், நன்றாகப் படித்த மாணவனையும் வாசலிலேயே திருப்பியனுப்பியது. இளைஞர்கள் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டனர். 1973இல் மல்லாகத்தில் கூடிய தமிழரசுக் கட்சி மாநாடு சமஷ்டியைக் கடந்து தனியரசை நோக்கித் திரும்பியது. 1974 ஜனவரி 10ஆந் திகதி, யாழ்ப்பாணத்தில் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாட் கூட்டத்தினுள் பொலிஸார் புகுந்ததைத் தொடர்ந்து ஒன்பது உயிர்கள் மாண்டன. 1972இல் கேட்கப்பட்ட கேள்வி, யாப்பு வேண்டுமா வேண்டாமா என்பது. மக்கள் விடைசொல்ல அனுமதிக்கப்பட்ட நாளில் அக்கேள்வியே வேறாகிவிட்டது. உரிய காலத்தில் வாக்கெடுப்பு நிகழ்ந்திருக்குமாயின் சமஷ்டிக்குரிய ஆணையோடு செல்வநாயகம் சபைக்கு மீண்டிருப்பார் என்றும், அவரோடு பேச அரசாங்கத்துக்கு இடமும் இருந்திருக்கும் என்றும் நான் உறுதியாக நம்புகிறேன். இந்தத் தாமதத்துக்கு இந்நாடு கொடுத்த விலை பெரிது.

1975 பெப்ரவரி 6ஆந் திகதி வாக்களிப்பு நிகழ்ந்தது. ஆளும் ஐக்கிய முன்னணியின் சார்பில் நின்ற அபேட்சகர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம், தொகுதியில் நன்கறியப்பட்டவர், 1970இலும் செல்வநாயகத்தை எதிர்த்து நின்றவர். செல்வநாயகத்துக்கு 25,927 வாக்குகள், பொன்னம்பலத்துக்கு 9,457, வித்தியாசம் 16,470. வெற்றியின்பின், தமிழர் தமது இறைமையை மீட்டுச் சுதந்திரமாக வாழ்வதற்கான ஆணையாகவே இம்முடிவைக் கொள்வதாக அவர் அறிவித்தார். அடுத்த ஆண்டு மே 14ஆந் திகதி, அவர் தலைமையில், தனித் தமிழரசைக் கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. தோற்ற பொன்னம்பலமும் பிற்காலத்தில் தம் கட்சியை விட்டு விலகிச் செந்தமிழர் இயக்கத்தை ஆரம்பித்தாரென்பதை நினைத்தால், அக்காலக் காற்று எத்திசையில் வீசிற்றென்பது விளங்கும்.

செல்வநாயகம் 1977 ஏப்ரில் 26ஆந் திகதி காலமானார். அவ்வாண்டு ஜூலைப் பொதுத்தேர்தலில் அ. அமிர்தலிங்கம் அத்தொகுதியில் வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். 1978ஆம் ஆண்டு யாப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொணர்ந்தது. மாவட்டமே தேர்தற் களமாயிற்று. இன்று யாழ்ப்பாணத்து உறுப்பினர் ஒருவர் கொள்கைக்காகத் தம் ஆசனத்தைத் துறந்தாலும், மக்களிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. அதே கட்சிப் பட்டியலில் அடுத்த ஸ்தானத்தில் இருப்பவர் சத்தியப்பிரமாணஞ் செய்து அந்த இடத்தில் அமர்ந்துவிடுகிறார்.