பின்னல் மெஷினுக்குக் கண் வைக்கும் ஆய்வு

திருப்பூரில் டி-ஷர்ட் துணி பின்னும் வட்ட நிட்டிங் மெஷின் ஒன்றின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உருளையின் விட்டம் 30 அங்குலம். 24 கேஜ், அதாவது அங்குலத்துக்கு 24 ஊசி. வட்டத்தைச் சுற்றி ஏறத்தாழ 2,260 ஊசிகள் நிற்கின்றன. 90 கோன்களிலிருந்து நூல் இறங்குகிறது. உருளை ஒருமுறை சுற்றினால் துணியில் 90 வரிசை ஏறும். நிமிடத்துக்கு 30 சுற்று என்றால் 2,700 வரிசை. அதாவது ஒரு மீட்டருக்கு மேல் துணி. அந்த 2,260 ஊசிகளில் ஒன்றின் கொக்கி ஒடிந்தால் போதும், துணியில் நீளவாக்கில் ஒரு கோடு விழத் தொடங்கும். மெஷின்காரர் பக்கத்து மெஷினில் அறுந்த நூலை முடிந்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பினால், பத்து மீட்டருக்கு மேல் கோடு ஓடியிருக்கும்.

இந்தக் கோட்டை மனிதக் கண்ணுக்கு முன்பே கணினி பார்த்து, மெஷினை நிறுத்திவிட முடியுமா? கேட்க எளிய கேள்விதான். ஆனால் முப்பது ஆண்டுகளாக உலகின் பல பல்கலைக்கழகங்களில் முதுநிலை, முனைவர் பட்ட ஆய்வேடுகள் இதைச் சுற்றியே எழுதப்பட்டு வருகின்றன. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. அதனால் இந்தக் கேள்விக்கு வரும் விடை ஆய்விதழ்களோடு நின்றுவிடக் கூடியதல்ல. ஊரின் வரவுசெலவையே தொடுவது.

இப்போதைய வழக்கம் இதுதான். மெஷினிலிருந்து இறங்கும் துணி ரோலாகச் சுற்றப்படுகிறது. பிறகு விளக்கு வெளிச்சத்தில் அதை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். குறையின் நீளத்தைப் பொறுத்து ஒன்று முதல் நான்கு வரை புள்ளி போடுவார்கள். மூன்று அங்குலம் வரை ஒரு புள்ளி, ஒன்பது அங்குலத்தைத் தாண்டினால் நான்கு புள்ளி. 100 சதுர கஜத்துக்கு 40 புள்ளி வரை பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க் கறை, லைக்ரா விட்டுப்போன இடம் எல்லாம் பழகிய கண்ணுக்குத் தெரியும். ஆனால் கண் களைத்துப்போகும். துணி வேகமாக ஓடினால் தவறிப்போகும். அதோடு, செக்கிங்கில் கண்டுபிடிக்கும்போது துணி ஏற்கெனவே பின்னி முடிந்திருக்கும்.

இதைவிடச் சிக்கலானது, சாயம் ஏறும்வரை ஒளிந்திருக்கும் குறை. இரண்டு லாட் நூல் கலந்துவிட்டாலோ, ஒரு கோனின் நூல் மட்டும் இறுக்கமாக ஓடினாலோ, சாயமேற்றாத கிரே துணியில் பெரிய வித்தியாசம் தெரியாது. சாயம் ஏறிய பிறகுதான் குறுக்கே பட்டை பட்டையாக நிற்கும். அதற்குள் நூல், நிட்டிங் கூலி, சாயம், உப்பு, தண்ணீர், நீராவி எல்லாம் செலவாகியிருக்கும். கிரே துணியிலேயே இந்தப் பட்டையை முன்கூட்டிச் சொல்லும் முறை வந்தால், சாயப்பட்டறைக்குப் போகும் முன்பே அந்த ரோலை வெளிர் நிறத்துக்கோ வேறு உருப்படிக்கோ மாற்றிவிடலாம்.

இந்தத் துறையின் தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் நடந்தது. இந்தியரான அஜய் குமாரும் கிரந்தம் பாங்கும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரை, கேபர் வடிகட்டி என்னும் கணித முறையைத் துணிக்குப் பயன்படுத்தியது. நல்ல துணி என்பது ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் வரும் பரப்பு. குறிப்பிட்ட திசையிலும் குறிப்பிட்ட அகலத்திலும் உள்ள கோடுகளுக்கு மட்டும் எதிர்வினை காட்டும்படி வடிகட்டியை அமைத்தால், ஒழுங்கு குலையும் இடம் தனித்துத் தெரியும். முறை நன்றாகவே வேலை செய்தது. ஆனால் இத்தகைய முறைகளில் துணி மாறும்போதெல்லாம் வடிகட்டியையும் மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. காலையில் சிங்கிள் ஜெர்சி, மாலையில் ரிப், மறுநாள் லைக்ரா கலந்தது என்று ஓடும் திருப்பூர் நிட்டிங் கூடத்துக்கு இது பெரிய தடை.

2012இல் நிலைமை மாறியது. டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் உருவான அலெக்ஸ்நெட் என்ற நரம்பு வலையமைப்பு, படங்களை அடையாளம் காணும் உலகப் போட்டியில் மற்ற முறைகளை வெகுதூரம் பின்தள்ளியது. எந்த வடிகட்டி வேண்டும் என்று மனிதர் கணக்கிட்டுத் தர வேண்டியதில்லை. போதிய படங்களைக் காட்டினால் வலையமைப்பு தானே கற்றுக்கொள்ளும். துணிக்குறை ஆய்வும் அந்தப் பக்கம் நகர்ந்தது.

அதோடு தடை வேறோர் இடத்துக்கு மாறியது. காட்டப் படங்கள் எங்கே?

ஸ்பெயினின் அல்கோய் நகரில் உள்ள ஐடெக்ஸ் என்ற ஜவுளி ஆய்வு நிறுவனத்தின் படத்தொகுப்பு 2019இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஏழு வகைத் துணி, 245 படங்கள். அவற்றில் 140 நல்ல துணி, 105 குறையுள்ளவை. உலகெங்கும் ஆய்வு மாணவர்கள் தங்கள் முறையைச் சோதிக்க எடுத்துக்கொள்ளும் தொகுப்புகளில் இது ஒன்று. பயனுள்ள கொடைதான். ஆனால் ஏழு வகைத் துணியில் பயின்ற கணினியைப் பிக்கே, இன்டர்லாக், ஃபிளீஸ், மெலாஞ்சு என்று நீளும் திருப்பூர்ப் பட்டியலின் முன் நிறுத்தினால் அது திணறும். மெலாஞ்சுத் துணியில் இயல்பாகவே இருக்கும் கருப்பு இழைத் திட்டுகளைக் கறை என்று சொல்லி மெஷினை நிறுத்திக்கொண்டே இருக்கும்.

இங்கே பொதுவாசகரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கணக்கு உண்டு. ஆயிரம் படத்தில் ஒன்றில்தான் குறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதையுமே பார்க்காமல் எல்லாவற்றையும் நல்ல துணி என்று சொல்லும் ஒரு நிரலின் துல்லியம் 99.9 சதவீதம்! அதனால் துல்லியம் என்ற ஒற்றை எண்ணை நம்பக் கூடாது. உண்மையான குறைகளில் எத்தனை பிடிபட்டன, எச்சரித்தவற்றில் எத்தனை உண்மை என்று இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். முதலாவது குறைந்தால் கெட்ட துணி தப்பிப் போகும். இரண்டாவது குறைந்தால் மெஷின் வீணாக நின்று நின்று ஓடும். இரண்டாம் நாளே மெஷின்காரர் அந்தக் கேமராவை அணைத்துவிடுவார்.

குறைகள் அரிதாக வருவதால், நல்ல துணியை மட்டுமே காட்டிப் பயிற்றும் வழி ஒன்றையும் ஆய்வாளர்கள் வளர்த்திருக்கிறார்கள். வலையமைப்பு நல்ல துணியின் படத்தைச் சுருக்கி, மறுபடி வரைந்து பழகுகிறது. குறையுள்ள படம் வந்தால் அதைச் சரியாக வரையத் தெரியாமல் தடுமாறும். மூலத்துக்கும் வரைந்ததற்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறதோ அங்கே குறை. ஜெர்மனியின் எம்விடெக் நிறுவனம் 2019இல் வெளியிட்ட தொகுப்பு இந்த வழிக்காகவே அமைந்தது. கம்பளம், தோல் உட்படப் பதினைந்து பொருள்கள். பயிற்சிக்குத் தரும் படங்கள் அனைத்தும் குறையற்றவை. நல்ல துணிக்குப் பஞ்சமில்லாத திருப்பூருக்கு மிகவும் பொருந்தும் வழி இது.

ஆய்வகத்திலிருந்து நிட்டிங் ஷெட்டுக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். போர்ச்சுக்கலின் வடபகுதியும் பின்னலாடைக்குப் பேர்போனது. அங்கே போர்ட்டோ நகரில் இளம் பட்டதாரிகள் 2018இல் தொடங்கிய ஸ்மார்டெக்ஸ் நிறுவனம், வட்ட நிட்டிங் மெஷினுக்குள்ளேயே கேமராவைப் பொருத்தியது. துணி ரோலாகும் முன்பே குறை தெரிந்துவிடும், மெஷின் நின்றுவிடும். 2021இல் லிஸ்பனில் நடந்த வெப் சம்மிட் மாநாட்டின் புதுநிறுவனப் போட்டியில் இது முதற்பரிசு பெற்றது. மெஷின் ஓடும் ஊரிலேயே ஆய்வும் நடந்ததுதான் இவர்களின் பலம்.

திருப்பூருக்கும் அந்த வாய்ப்பு அருகிலேயே இருக்கிறது. கோவையில் 1956 முதல் இயங்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா, பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, குமரகுரு கல்லூரி, அரசு தொழில்நுட்பக் கல்லூரி எல்லாம் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள். திருப்பூரிலேயே ஏற்றுமதியாளர்கள் 1997இல் தொடங்கிய நிஃப்ட்-டீ கல்லூரியும் அதன் தொழில்முனைவு மையமும் இருக்கின்றன. ஆனால் மாணவருக்கும் மெஷினுக்கும் இடையில் உள்ள தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது. கணினி அறிவியல் மாணவருக்கு ஊசிக்கோடு தெரியாது. ஜவுளி மாணவருக்கு நரம்பு வலையமைப்பு பழக்கமில்லை. வாங்குவோரின் டிசைன் வெளியே போய்விடுமோ என்ற பயத்தில் கம்பெனி படம் எடுக்க விடுவதில்லை. கடைசியில் ஆய்வேடு ஸ்பெயின் துணியின் படத்தை வைத்து எழுதி முடிக்கப்படுகிறது.

ஷெட்டுக்குள் வந்தால்தான் தெரியவரும் கேள்விகள் வேறு. 24 கேஜ் மெஷினில் ஒரு கண்ணி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலம். ஒரு கண்ணிக்குப் பத்துப் படப்புள்ளி (பிக்சல்) வேண்டுமென்றால், 2.4 மீட்டர் சுற்றளவைப் பார்க்க 24,000 புள்ளி தேவை. இதற்கு எத்தனை கேமரா, என்ன விலை? பறக்கும் பஞ்சுத் தூசி லென்ஸில் படிந்தால் என்ன செய்வது? இவற்றைவிடப் பெரிய கேள்வி, செலவு யாருடையது என்பது. இங்கே நூல் ஒருவருடையது, மெஷின் ஜாப் ஒர்க் செய்பவருடையது, சாயமேற்றுபவர் மூன்றாமவர். நிட்டிங்காரருக்குக் கிடைப்பது கிலோவுக்கு இத்தனை என்ற கூலி. குறையின் முழு நட்டம் தெரிவது ஏற்றுமதியாளரின் கட்டிங் டேபிளில். கேமரா வாங்க வேண்டியவர் ஒருவர், அதன் பலனை அனுபவிப்பவர் இன்னொருவர். சிறு கம்பெனி தாங்கும் விலையில், வெளியே படம் அனுப்பாமல் மெஷின் பக்கத்திலேயே கணக்கிடும் ஒரு சிறு பெட்டியை வடிவமைப்பது ஓர் உண்மையான முனைவர் பட்டக் கேள்வி.

கடினமான கேள்வியைத் திருப்பூர் சந்திப்பது இது முதல் முறையல்ல. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஒட்ட உப்பு வேண்டும். அடர்நிறமென்றால் சாயத் தண்ணீரில் லிட்டருக்கு 60 கிராமுக்கு மேலும் போகும்; கடல்நீரில் இருப்பதே சுமார் 35 கிராம்தான். அந்தத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, விவசாயிகளின் நிலத்தையும் கிணற்றையும் பாழாக்கியது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சவ்வு வடிகட்டல், ஆவியாக்கல், உப்பு மீட்பு என்ற பொறியியல் படிகளைச் சரிசெய்துதான் அவை மீண்டும் திறந்தன. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், மிஞ்சும் உப்புநீரை முழுவதும் ஆவியாக்காமல், சுத்தம் செய்து சாயமேற்றவே திரும்ப அனுப்பும் முறை கைகூடியது. தேவையும் பொறியியலும் ஒரே இடத்தில் சந்தித்ததால் வந்த விடை அது.

அந்த வழியில் இன்னும் கேள்விகள் காத்திருக்கின்றன. ஒரு லாட் நிறம் பிசகினால் மறுபடி சாயமேற்ற வேண்டும். தண்ணீரும் உப்பும் கூடுதலாகச் செலவாகும். நிறத்தைக் கணக்கிட 1931இல் குபெல்காவும் முன்கும் தந்த சமன்பாடு இன்றும் சாய ஆய்வகக் கணினிகளில் ஓடுகிறது. பட்டறையின் பழைய பதிவேடுகளை இயந்திரக் கற்றலுக்குக் கொடுத்து, முதல் தடவையிலேயே நிறம் சரியாக வரச் செய்வது ஓர் ஆய்வுத் தலைப்பு. சுத்திகரிப்பு நிலையத்தின் சவ்வு எப்போது அடைபடும் என்று முன்கூட்டிச் சொல்வது இன்னொன்று.

ஆய்வுக்கு வருபவருக்கு உதவித்தொகையும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். தேர்ந்த நிறுவனங்களில் பிரதமர் ஆய்வு உதவித்தொகை 70,000 ரூபாயில் தொடங்குகிறது. கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக அண்ணா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யவும் வழியுண்டு. மெஷின் கூடத்தில் பத்தாண்டு இருந்த ஒரு பொறியாளர் ஆய்வுக்கு வந்தால், எதைக் கேட்க வேண்டும் என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும்.

செக்கிங் செய்பவர்களை, அதிலும் பெண்களை, இந்தக் கதையில் விட்டுவிடக் கூடாது. இது ஓட்டை, இது நூல் முடிச்சு, இது துணியின் இயல்பு என்று ஒவ்வொரு படத்துக்கும் பெயர் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். கணினிக்கு ஆசிரியர்கள் அவர்களே என்றால், அந்த வேலைக்குத் தனிக் கூலியும், வெளியாகும் தொகுப்பில் அவர்களுக்குரிய அங்கீகாரமும் தருவது நியாயம். மெஷின் பார்க்கத் தொடங்கிய பிறகு அவர்களுக்கு என்ன வேலை என்ற கேள்வியையும் ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

திருப்பூர்த் துணிக்கென்று ஒரு பொதுப் படத்தொகுப்பு உருவாக வேண்டும். கிரே நிலையிலும் சாயமேறிய பிறகும் அதே ரோலை இரண்டு முறை படமெடுத்து, நூல் லாட்டும் மெஷின் எண்ணும் சேர்த்துப் பதிந்தால், ஒளிந்திருக்கும் பட்டையைத் தேடும் ஆய்வுக்கு அரிய ஆதாரமாக அது நிற்கும். பிரிண்ட் இல்லாத வெறும் துணியை மட்டும் எடுத்தால் வாங்குவோரின் டிசைன் ரகசியத்துக்கும் ஆபத்தில்லை. சில நிட்டிங் கம்பெனிகளின் சம்மதம், ஒரு சாயப்பட்டறையின் ஒத்துழைப்பு, ஜவுளியும் கணினியும் படித்த இரண்டு மாணவர்கள் ஒரே வழிகாட்டியின் கீழ், அனுபவமுள்ள செக்கிங்காரர்கள் நான்கைந்து பேர்: இவ்வளவு கூடினால் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.