இன்புளுவென்சா வைரசும் கலத்தின் நொதியங்களும்

வைரசு கலத்தை அழிக்கின்றது எனப் பொதுவாகக் கூறுவர். இக்கூற்று முழுமையானதன்று. தனக்கென அனுசேபம் அற்ற வைரசு, கலத்தின் நொதியங்களைத் தன் தேவைக்குத் திருப்பிக் கொண்டே பெருகுகின்றது. இவ்வுண்மையை இன்புளுவென்சா ஏ வைரசினை உதாரணமாகக் கொண்டு நோக்குவோம்.

இவ்வைரசின் மேற்பரப்பிலுள்ள ஈமக்குளூற்றினின் என்னும் புரதம், சுவாசப்பாதைக் கலங்களின் மீதுள்ள சியாலிக் அமிலத்துடன் இணைகின்றது. ஆயினும் அப்புரதம் இரண்டாக வெட்டப்பட்டாலன்றி வைரசு கலத்தினுள் நுழைந்து தொற்றை ஏற்படுத்த முடியாது. வெட்டும் நொதியம் வைரசிடம் இல்லை. அதனை நமது சுவாசப்பாதைக் கலங்களே வழங்குகின்றன. திரிப்சினை ஒத்த இந்நொதியங்கள் உடலின் சில பகுதிகளிலேயே செயற்படுவதால், சாதாரண இன்புளுவென்சா பெரும்பாலும் சுவாசத் தொகுதியுடன் நின்றுவிடுகின்றது. கோழிகளைக் கொல்லும் எச்5என்1 வகையின் நிலை வேறு. அதன் ஈமக்குளூற்றினினை ஏறக்குறைய எல்லாக் கலங்களிலும் காணப்படும் பியூரின் என்னும் நொதியமே வெட்டிவிடுகின்றது. ஆகவே அது பறவையின் உடல் முழுவதும் பரவுகின்றது. 1997இல் ஹொங்கொங்கில் அவ்வகை தொற்றிய 18 மனிதருள் 6 பேர் இறந்தனர்.

கலத்தின் கருவினுள் நிகழ்வது இன்னும் வியப்புக்குரியது. கலம் ஆக்கும் ஒவ்வொரு தூது ஆர்.என்.ஏ.யின் முனையிலும் ஒரு மூடி உண்டு. புரதத் தொகுப்புத் தொடங்குவதற்கு அது வேண்டும். வைரசின் பொலிமரேசு நொதியம் இம்மூடியை 10 முதல் 13 வரையான நியூக்கிளியோரைட்டுகளுடன் வெட்டியெடுத்துத் தன் தூது ஆர்.என்.ஏ.க்கு முதலாகக் கொள்கின்றது. மூடியிழந்த கலத்தின் தூது ஆர்.என்.ஏ. சிதைவுறுகின்றது. வைரசை எதிர்க்கும் இன்டர்பெரோனின் உற்பத்தியும் இதனாற் குன்றுகின்றது. றைபோசோம்களோ ஓய்வதில்லை, அவை வைரசுப் புரதங்களைத் தொகுக்கின்றன.

புதிய வைரசுகள் வெளியேறுகையில் சியாலிக் அமிலம் அவற்றைக் கலத்துடன் பிணைத்து வைக்கும். அப்பிணைப்பை அறுப்பது வைரசின் சொந்த நொதியமாகிய நியூரமினிடேசு ஆகும். செங்குருதிக் கலங்களில் ஒட்டிய வைரசு பின்னர் தானாகவே விடுபடுவதை அவதானித்த ஜோர்ஜ் ஹேர்ஸ்ற், இதற்கு ஒரு நொதியம் காரணமாகலாம் என 1942இல் கருதினார். அந்த அவதானிப்பின் வழிவந்த ஆய்வுகளின் பயனாக, 1999இல் சனாமிவிர், ஒசெல்டாமிவிர் ஆகிய மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. மூடியை வெட்டும் நொதியத்தைத் தடுக்கும் பலொக்சாவிர் 2018இல் வந்தது.

இங்கு எந்த நொதியம் யாருடையது என்னும் வினா முதன்மை பெறுகின்றது. கலத்தின் நொதியத்தைத் தடுப்பின் நோயாளியும் பாதிப்புறலாம். வைரசுக்கே உரிய நொதியத்தைத் தடுப்பதே பாதுகாப்பான வழியாகும். பெனிசிலினும் ஒரு நொதியத்தையே தடுக்கின்றது. ஆனால் அது பற்றீரியாவின் கலச்சுவரை அமைக்கும் நொதியம். வைரசுக்குக் கலச்சுவரே இல்லை. எனவே பற்றீரியத் தொற்று உடன்சேராத இன்புளுவென்சாவுக்கு நுண்ணுயிர்க்கொல்லி வழங்குவதாற் பயன் விளையாது. மருந்தை எதிர்க்கும் பற்றீரியாக்களே பெருகும். மருந்தகத்தில் நாம் கேட்டு வாங்கும் ஒவ்வொரு வில்லையும் இவ்வேறுபாட்டை அறிந்து வாங்கப்படுதல் வேண்டும்.