தொட்டிக்குள் வெளுக்கும் தங்கம்

"நல்ல சிவப்பாப் பாத்து வாங்கினது சார், ஆறு மாசத்துல இப்படி வெளுத்துப்போச்சு." தங்கமீன் வளர்க்கும் வீடுகளில் இந்தப் புலம்பலுக்குப் பஞ்சமே இல்லை. திருவனந்தபுரம் ஆரியசாலையில் எங்கள் தெருவிலும் உண்டு. அதே தொட்டியில் இன்னொரு மீனின் துடுப்பில் திடீரென்று கறுப்பு படர்ந்தால் மட்டும் 'புது டிசைன்' என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். என்னைக் கேட்டால் கவலைப்பட வேண்டியது இரண்டாவதற்குத்தான்.

தங்கமீன் தங்கமாகப் பிறப்பதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சோங் வம்சக் காலத்துச் சீனாவில், குளத்துக் கெண்டை வகை ஒன்றில் தற்செயலாகத் தோன்றிய மஞ்சள், சிவப்பு மீன்களைப் பிரித்தெடுத்து வளர்த்ததில் வந்த பரம்பரை இது. மூதாதையின் நிறம் பாசிப் பழுப்பு. இன்றைக்கும் குஞ்சுகள் அந்தக் கருமை கலந்த பழுப்போடுதான் வளர்கின்றன. சில மாதங்களில் தோலிலுள்ள கறுப்பு நிறமிச் செல்கள் தாமாகவே சாகத் தொடங்கும். அதுவரை அவற்றுக்கிடையே மறைந்திருந்த மஞ்சளும் சிவப்பும் அப்போதுதான் வெளியே தெரியும். மாற்றம் பெரும்பாலும் வயிற்றில் தொடங்கி முதுகை நோக்கி ஏறும். துடுப்பு ஓரங்களில் மட்டும் கரிக்கோடுபோல் ஒரு மிச்சம் வாரக்கணக்கில் நிற்கும்.

கடைக்கு வருபவை பெரும்பாலும் இளம் மீன்கள். சென்னைக் கொளத்தூர்ப் பக்கத்துப் பண்ணைகளில் பிறந்தவையானாலும் சரி, கேரளத்திலேயே பொரித்தவையானாலும் சரி, பலவற்றில் இந்த மாற்றம் பாதியில் நிற்கும்போதே விற்பனை முடிந்துவிடுகிறது. கறுப்பும் சிவப்புமாக வாங்கிய மீன் வீட்டுக்கு வந்து முழுச் சிவப்பாவது இதனால்தான். சிலவற்றில் கறுப்போடு நிற்காமல் சிவப்பும் விலகிவிடும். அப்போது மிஞ்சுவது குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் அடுக்கிய செல்கள். செதிலின் உலோக மினுமினுப்பு அவற்றின் வேலை. அலைபேசி விளக்கைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், வெளுத்த மீனின் செதில்கள் சிவப்பு மீனின் செதில்களுக்கு இணையாகவே பளபளக்கும். கண் பிதுங்கிய 'பிளாக் மூர்' வகைகூட வயது ஏற ஏற வயிற்றிலிருந்து ஆரஞ்சாக மாறுவது வாடிக்கை. இதெல்லாம் மரபணு போட்ட கணக்கு. எந்தச் சொட்டு மருந்தும் இதைத் திருப்பாது. கடைக்காரர் விற்பார், அது வேறு விஷயம்.

தீனியால் வரும் வெளுப்பு வேறு. அதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஓணமோ நவராத்திரியோ நெருங்கினால் தோவாளையிலிருந்து கேந்திப்பூ மூட்டை மூட்டையாகத் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கும். செண்டுமல்லி என்றும் சொல்வார்கள். அந்தப் பூவின் நிறமும் தங்கமீனின் நிறமும் கரோட்டினாய்டு என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. செடியும் பாசியும் அந்த நிறமியைத் தாமே செய்துகொள்கின்றன. மீனால் முடியாது, தின்றுதான் சேர்க்க வேண்டும். முட்டையின் மஞ்சள் கரு நன்றாகத் தெரிய வேண்டும் என்று கோழித் தீவனத்தில் இதே பூவின் சாறு சேர்க்கப்படுகிறது.

தங்கமீனிடம் ஒரு கூடுதல் சாமர்த்தியம் உண்டு. ஸ்பைருலினா பாசியிலுள்ள சியாசாந்தின் என்ற மஞ்சள் நிறமியைத் தின்று, அதை அஸ்டாக்சாந்தின் என்ற சிவப்பாக மாற்றிக்கொள்ளும். இறாலைக் கொதிநீரில் போட்டதும் வெளிப்படுகிறதே, அதே சிவப்பு. கடல் மீன்களில் பலவற்றுக்கு இந்த வித்தை தெரியாது, அவற்றுக்கு அஸ்டாக்சாந்தின் நேராகவே கிடைத்தாக வேண்டும். கேரட்டைத் துருவிப் போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி: அதிலிருக்கும் பீட்டா கரோட்டினைச் சிவப்பாக்குவதில் தங்கமீன் அவ்வளவு கெட்டி இல்லை. ஸ்பைருலினாவோ இறால் தூளோ கலந்த தீனி மேல். மலிவான உருண்டைத் தீனியை மாதக்கணக்கில் போட்டு மங்கிப்போன மீன், தீனி மாறிய சில வாரங்களில் தேறும். நிறமிச் செல்லே போய்விட்ட மீனுக்கு எதைப் போட்டும் பயனில்லை.

வெளிச்சமும் இதில் சேரும். நெடுநாள் இருட்டில் கிடக்கும் மீன் வெளிறிவிடும். வெள்ளைத் தொட்டியில் விட்டாலும் நிறம் குறையும்: மூளையிலிருந்து சுரக்கும் ஒரு ஹார்மோன் கறுப்பு மணிகளைச் செல்லின் நடுவில் ஒதுக்கி வைத்துவிடுகிறது. கடைத் தொட்டியின் பின்புறம் கருநீலத் தாள் ஒட்டியிருந்ததை நினைத்துப் பாருங்கள். வீட்டில் வெள்ளைச் சுவரோரக் கண்ணாடிக் குடுவையில் அதே மீன் சோகையாகத் தெரிவதில் ஏமாற்று எதுவும் இல்லை.

கறுப்புக்கு வருவோம். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. ஃபில்டரின் பஞ்சில் குடியேறிய பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் மீன்களை நெருக்கி விட்டால் அம்மோனியா தோலையும் துடுப்பையும் சுட்டுவிடும். தண்ணீரின் சூடு கூடக் கூட அதன் நஞ்சும் கூடும். நம் ஊர்ச் சூட்டுக்குச் சொல்லவே வேண்டாம். புண் ஆறும்போது கறுப்பு நிறமிச் செல்கள் அங்கே வந்து குவிகின்றன. 'புது டிசைன்' பெரும்பாலும் இதுதான். குண்டூசித் தலையளவில் தனித்தனிப் புள்ளிகளாக இருந்தால் ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம், ஆனால் அது நத்தையும் பறவையும் வந்துபோகும் குளத்து மீன்களுக்கு வருவது.

பழகிய தொட்டியிலும் இந்த அம்மோனியாக் கறுப்பு வரும். அருவிக்கரை அணையிலிருந்து நம் குழாய்க்கு வரும் நீரில் குளோரின் உண்டு. நமக்கு அது காவல், ஃபில்டர் பாக்டீரியாவுக்கு எமன். பஞ்சு அழுக்காகிவிட்டதே என்று குழாயடியில் பளிச்சென்று கழுவினால் கூடவே பாக்டீரியாவும் போய், சில நாளில் அம்மோனியா ஏறும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே பஞ்சை அலசினால் போதும். நீரில் கால் பங்கை மாற்றி, புதிதாக ஊற்றுவதில் ஆன்டி குளோரின் சொட்டு விட்டு, தீனியைக் குறைத்தால் கறுப்பு இரண்டொரு வாரத்தில் மங்கத் தொடங்கும். மறுபடியும் மறுபடியும் வருகிறதென்றால், அந்தத் தொட்டி தாங்குகிற அளவுக்கு மேல் மீன் இருக்கிறது. ஒன்றிரண்டை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டியதுதான்.