அந்தமானில் எரிமலை இருக்கு, சென்னையில் ஏன் இல்லை? காரணம் தண்ணீர்!

போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) இருந்து வடகிழக்கே சுமார் 140 கி.மீ. கடலில் போனால் பாரன் தீவு வரும். இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை இதுதான். மனிதர்கள் யாரும் இல்லை, ஆடுகள் உண்டு! சுமார் ஒன்றரை நூற்றாண்டு அடங்கிக் கிடந்துவிட்டு 1991-ல் வெடித்தது. அதன்பிறகு அவ்வப்போது புகைகிறது. 2017 ஜனவரியில் தேசிய கடலியல் நிறுவன விஞ்ஞானிகள் கப்பலில் இருந்தபடியே அது சாம்பல் கக்குவதைப் பார்த்தார்கள்.

சரி, அங்கே மட்டும் ஏன்?

பூமிக்கு அடியில் எங்கும் நெருப்புக் குழம்பு கொதிக்கிறது, ஓட்டை கிடைத்த இடத்தில் வெளியே வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. 100 கி.மீ. ஆழத்தில் இருப்பதும் கெட்டியான பாறைதான். வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆனால் மேலே இருக்கும் எடை அழுத்திப் பிடித்திருப்பதால் உருகாது. உருகணும்னா ஏதாவது காரணம் வேணும்.

அந்தமானில் அந்தக் காரணம் தண்ணீர். நாம் வாழும் இந்தியத் தட்டின் கிழக்கு விளிம்பு, அந்தமானுக்கு மேற்கே பர்மா தட்டுக்கு அடியில் மெல்ல மெல்லச் சொருகிக்கொண்டு போகிறது. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான். போகும்போது கடல்நீரையும் தன் பாறைகளுக்குள் பூட்டி எடுத்துப் போகிறது. ஏறக்குறைய 100 கி.மீ. ஆழத்தில் அந்த நீர் பிழிந்து வெளியேறி, மேலே உள்ள சூடான பாறைக்குள் ஏறுகிறது. குல்ஃபி வண்டிக்காரர் ஐஸில் உப்பு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு சேர்ந்தால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழேயே ஐஸ் உருகும். அதே மாதிரி, நீர் சேர்ந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். உருகியது எடை குறைவு என்பதால் மேலே கிளம்புகிறது. அதுதான் எரிமலை.

போர்ட் பிளேரிலேயே ஏன் எரிமலை இல்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கு. அங்கே தட்டு இன்னும் போதிய ஆழத்துக்கு இறங்கவில்லை. பாரன் தீவுக்கு அடியில் வரும்போதுதான் இறங்குகிறது. இதே வரிசைதான் தெற்கே சுமத்ரா, ஜாவா எரிமலைகளாக நீள்கிறது. பசிபிக்கைச் சுற்றியுள்ள 'நெருப்பு வளைய'த்திலும் பெரும்பாலும் இதே கதைதான்.

ஐஸ்லாந்து வேறு ரகம். அங்கே தட்டுகள் பிரிகின்றன. அழுத்தம் குறைந்து பாறை உருகுகிறது. ஹவாய் எந்த விளிம்பிலும் இல்லை. ஆழத்திலிருந்து சூடான பாறை மேலெழும் இடம் அது. சென்னைக்கு இந்த மூன்றில் எதுவும் பொருந்தாது. நாம் தட்டின் உள்பகுதியில் இருக்கிறோம்.

ஆனால் அந்த விளிம்பு நம்மைத் தொடாது என்று நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமி அங்கிருந்துதான் வந்தது. அதற்குக் காரணம் எரிமலை இல்லை. அதே தட்டு, ஆழம் குறைந்த பகுதியில், சுமத்ராவில் இருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குச் சட்டென வழுக்கியது. எனவே பாரன் தீவு புகைகிறது என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தால் பதற வேண்டியதில்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, ஹைதராபாத்தில் உள்ள இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தரும் நிலநடுக்க அறிவிப்பைத்தான்.