ஒரு கிலோ எடையில் ஆறடி வாள்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டின் கே.டி.பி.ஓ. வளாகத்தில் காமிக் கான் விழா நடைபெறும் நாள்களில், நுழைவாயில் வரிசையே ஒரு காட்சிதான். கவசமணிந்த வீரர்களும் சிறகு விரித்த தேவதைகளும் அனுமதிச் சீட்டுடன் காத்து நிற்பர். தன் தோளைவிட அகன்ற கோடரியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஓர் அரக்கர் கைபேசியில் மூழ்கியிருப்பார். 2011-இல் தில்லியில் தொடங்கிய இவ்விழா, 2012-இல் பெங்களூருக்கு வந்தது. படக்கதை, திரைப்படம், கணினி விளையாட்டு ஆகியவற்றின் மாந்தரைப் போல வேடம் புனையும் கலைக்குக் காஸ்பிளே என்று பெயர்.

ஆயத்த வேடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆயினும் இக்கலையில் மதிப்பு, தானே செய்த வாளுக்கும் கவசத்துக்கும்தான். 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு இருவர் எதிர்கால உடையில் வந்தனர். அவ்விருவருள் ஒருவரான மர்ட்டில் டக்ளஸ் என்னும் பெண்மணியே இரண்டு உடைகளையும் தைத்திருந்தார். தொடக்கமே வீட்டுத் தையல்தான்.

படிக்க வேண்டிய வயதில் பிள்ளை ரப்பர் வாள் அறுத்துக்கொண்டிருக்கிறானே என்று கவலையுறும் பெற்றோர் உண்டு. அவர்களுக்கு நாம் நினைவூட்ட விரும்புவது வட தமிழகத்துத் தெருக்கூத்தை. துரியோதனன் வேடமேற்பவர் விடிய விடிய ஆட வேண்டும், சுழல வேண்டும், பாடவும் வேண்டும். உலோகக் கிரீடத்தைச் சுமந்துகொண்டு அது நடவாது. ஆகவே கல்யாண முருங்கையின் மென்கட்டையைச் செதுக்கிக் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் செய்தனர். அவற்றின்மேல் வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டினர். விளக்கொளி பட்டதும் மரம் மறைந்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்குப் பொன்னும் மணியுமே தெரியும். கட்டைக்கூத்து என்னும் பெயரே இந்த அணிகலன்களால் வந்ததுதான். கர்நாடகத்து யட்சகானத்திலும் மென்மரத்தின்மேல் பொன்தாள் ஒட்டும் இதே முறையைக் காணலாம். கனமாகத் தோன்ற வேண்டும், கனம் இருக்கலாகாது: கூத்துக் கலைஞருக்கும் ஒயிட்ஃபீல்டு அரக்கருக்கும் சிக்கல் ஒன்றே.

இன்று கல்யாண முருங்கையின் இடத்தில் ஈ.வி.ஏ. நுரைத்தாள் இருக்கிறது. விளையாட்டறைகளில் தரையில் விரிக்கும் மெத்தென்ற பாய் இப்பொருளாலானதே. கவசத்துக்கு 5 மில்லிமீட்டர் கனமும், விளிம்பு வேலைப்பாட்டுக்கு 2 மில்லிமீட்டர் கனமும் ஏற்றவை.

முதல் வேலை அளவெடுப்பு. பழைய பனியன்மேல் மார்பைச் சுற்றி நெகிழித்தாளைச் சுற்றி, அதன்மேல் ஒட்டுநாடாவை நெருக்கமாக ஒட்டி, பேனாவால் தையல் கோடுகளை வரைய வேண்டும். பின்னர் உடலில் படாமல் அதை வெட்டி எடுத்துப் பிரித்தால், வளைந்த மார்பு தட்டையான துண்டுகளாகிவிடும். தையற்காரர் அறிந்த கணக்குதான் இது. நுரைத்தாளைக் கூரிய கத்தியால் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். மழுங்கிய கத்தி விளிம்பைப் பிய்த்துவிடும். ஹீட் கன் எனப்படும் வெப்பக்காற்றுக் கருவியால் சூடேற்றி, முழங்காலின்மேல் வளைத்து ஆறும்வரை பிடித்திருந்தால் வளைவு நிலைத்துவிடும். பசையை இரு விளிம்புகளிலும் தடவி, ஈரம் வற்றிய பின்னரே சேர்க்க வேண்டும். ஒருமுறை ஒட்டியபின் பிரிக்க இயலாது. ஆகவே கோணலாகச் சேர்த்தால் கோணல்தான். மேலே நீர் கலந்த வெள்ளைப் பசையை நான்கைந்து முறை பூசி, கறுப்பு வண்ணம் தீட்டி, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெள்ளி வண்ணத்தை முனைகளில் மட்டும் தேய்த்தால், நுரைத்தாள் எஃகாகிவிடும். உள்ளே மெல்லிய குழாய் செருகிய ஆறடி வாளும் ஒரு கிலோவைச் சுற்றியே நிற்கும். கண்ணில் ஒளிவிடும் விளக்குகளுக்கு எஸ்.பி. சாலையின் மின்னணுக் கடைகள் உள்ளன.

ஓர் எச்சரிக்கை: பசையின் ஆவி தீப்பற்றும், தலைசுற்றலும் தரும். ஒட்டுவதும் சூடேற்றுவதும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் கூடாது. பி.வி.சி. குழாயைச் சூடேற்றி வளைப்பதோ வேண்டவே வேண்டாம். அதன் புகை நச்சு. செய்து முடித்த கவசத்தை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால், வளைத்த வடிவம் நெகிழ்ந்துவிடும்.

இனி நம் துறைக்கு வருவோம். ஒரு நாள் அணியப்போகும் வேடத்துக்காகக் கடன் அட்டையைத் தேய்த்து, மாதத் தவணையில் கட்டுவதை நாம் ஆதரிப்பதில்லை. வீட்டில் செய்வதன் பெரும்பயன் செலவு பரவிக் கிடப்பதே: இம்மாதம் நுரைத்தாள், அடுத்த மாதம் வண்ணம். ஆனால் பள்ளி நாடகக் குழுவோ விளம்பர நிறுவனமோ பொருள் கேட்டு வந்தால் அது தொழிலாகிறது. அப்போது முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையமின்றி விண்ணப்பிக்கலாம். கருவிகளின் விலைப்பட்டியல், கையிலுள்ள ஆர்டரின் நகல், செய்து முடித்தவற்றின் நிழற்படங்கள் ஆகியவற்றைக் கொண்டுவந்தால் கிளை அலுவலருக்குத் தொழில் எளிதில் விளங்கும். வாளையே நேரில் கொண்டுவர எண்ணுவோர், வாயிற்காவலரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம்.